சீட்டில் எழுதாத பாதி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனச்சோர்வு மாத்திரைகள் எல்லாம் விஷம், இன்றே குப்பையில் போடுங்கள் என்று சென்ற ஞாயிறு இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. ஆனால் ‘இன்றே’ என்று எழுதினாரே, அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம். அப்படி ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவன். தோட்டத்தை விற்று, நாங்கள் குடியிருந்த லய வீடுகளை இடித்து, எங்களைத் தாமான் என்கிற புதுக் குடியிருப்புக்கு அனுப்பிய பிறகு என் மனைவிக்குத் தூக்கம் போனது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அதன் முன்னாலேயே அரைமணி நேரம் நிற்பாள். மந்திரித்த கயிறு கட்டினோம், வேண்டுதல் வைத்தோம். டாக்டரிடம் போகலாம் என்றால், “என்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பப் பாக்குறீங்களா?” என்று அழுதாள். 1911-இல் திறந்த மனநல மருத்துவமனை இருக்கும் ஊர் அது. எங்கள் பக்கத்தில் அந்த ஊர்ப் பெயரே ஒரு வசவு.

ஒருவழியாகப் போனோம். எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை, 10 மில்லிகிராம் கொடுத்தார்கள். முதல் இரண்டு வாரம் குமட்டல், படபடப்பு, இருந்த கொஞ்சத் தூக்கமும் கெட்டது. தொந்தரவு முதலில் வரும், குணம் பிறகுதான் வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நாலாவது வாரம் மீன்காரரிடம் கெம்போங் மீன் விலைக்குச் சண்டை போட்டாள். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது. அதனால் அந்த மாத்திரையை விஷம் என்று சொல்ல என் நாக்கு வராது.

ஒரு வருடம் போனது. தீபாவளிக்கு ஜொகூரில் மகள் வீட்டுக்குப் புறப்பட்டபோது என் தங்கை, “நல்லாத்தானே இருக்கீங்க அண்ணி, இன்னும் எதுக்கு அந்தக் கருமம்?” என்றாள். மாத்திரைப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை இந்தப் பக்கம் திருப்பினால் தலைக்குள் கரண்ட் அடிக்கிறது என்றாள். ராத்திரி முழுக்கக் கெட்ட கனவு. பேரன் டம்ளரைக் கீழே போட்டதற்கு அழுதாள், அப்புறம் கத்தினாள். பக்கவாதமோ என்று பயந்து பக்கத்தில் ஒரு கிளினிக்குக்கு ஓடினோம். பிரஷர் பார்த்து, கேஸ்ட்ரிக் மருந்து கொடுத்து அனுப்பினார்கள். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்கவே இல்லை. பழைய வியாதி திரும்பிவிட்டது என்றே நாங்களும் முடிவு கட்டினோம்.

திரும்பவில்லை. மருந்தைச் சட்டென்று விட்டதால் வந்த கோளாறு அது. நிறுத்திய சில நாளிலேயே தொடங்கும். பழைய நோயில் இல்லாத தலைச்சுற்றலும் மின்னதிர்ச்சியும் கூட வரும். மாத்திரையை மறுபடி எடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கும். நோய் திரும்புவதாக இருந்தால் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். இந்த வித்தியாசம் தெரியாமல், ‘எனக்கு ஆயுசுக்கும் இதுதான்’ என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேரோ. இதைக் கஞ்சா, சாராயம் போன்ற அடிமைத்தனம் என்பதும் தவறு. மருந்தின் மேல் யாருக்கும் ஆசை வருவதில்லை. உடம்பு அதற்குப் பழகிவிடுகிறது, பிடுங்கினால் தடுமாறுகிறது. பரோக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் உடம்பை விட்டுச் சீக்கிரம் போய்விடுவதால் தடுமாற்றம் அதிகம். அதே வகை மருந்தான ஃப்ளூவாக்ஸெடின் வெளியேற வாரங்கள் ஆவதால் குறைவு.

எல்லோருக்கும் இப்படி ஆகாது. 2024-இல் லான்செட் சைக்கியாட்ரி என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை நிறுத்தினாலும் சிலருக்கு வரும் தொந்தரவைக் கழித்துவிட்டு, ஆறேழு பேரில் ஒருவருக்கு இது வரும் என்று கணக்குச் சொல்கிறது; கடுமையாக வருவது சுமார் 35 பேரில் ஒருவருக்கு. வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களை அந்த ஆய்வுகள் அதிகம் பார்க்கவில்லை என்ற குறையும் உண்டு. பிரிட்டனின் மனநல மருத்துவர் கல்லூரியே, கடுமையாகவும் நீண்ட நாளும் சிலருக்கு இது இருக்கலாம் என்று 2019-இல்தான் ஒத்துக்கொண்டது. ஃப்ளூவாக்ஸெடினுக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது 1987-இல்!

ஈப்போவில் இப்போது பார்க்கும் டாக்டர் நிதானமாக விளக்கினார். பத்திலிருந்து ஐந்துக்கு இறங்குவது மூளைக்குச் சின்ன இறக்கம்தானாம். கடைசித் துணுக்கிலிருந்து ஒன்றுமில்லாமைக்குப் போவதுதான் பெரிய இறக்கம். பத்துமலை முருகன் கோயிலில் 272 படியும் இறங்கி வந்து, கடைசிப் படி மட்டும் ஓராள் உயரம் இருந்தால் எப்படி? அதனால் கீழே போகப் போக இன்னும் சிறிய அளவாக, இன்னும் மெதுவாகக் குறைக்க வேண்டும். இதையும் டாக்டர் சொல்லித்தான் செய்ய வேண்டும். மெதுவாகக் கரையும் மாத்திரை, கேப்ஸ்யூல் வகைகளை வீட்டில் உடைக்கவே கூடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எங்கள் ஆட்களின் பழக்கம் தெரிந்ததால். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டது என்று அவர் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வது இங்கே சாதாரணம். இடுப்பு வலிக்குத் தினம் போடும் ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரையோடு இந்த மனச்சோர்வு மாத்திரை சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவு வரும் அபாயம் கூடும். வயதானவர்களுக்கு உடம்பில் உப்புச் சத்து இறங்கிக் குழப்பம் வரலாம். பிள்ளைகள் விஷயம் இன்னும் கவனம்: ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று 2004-இல் அமெரிக்கா எச்சரிக்கை அச்சடிக்க வைத்தது, 2007-இல் அதை 24 வயது வரை நீட்டியது. அப்படிப் பேச்சு வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள், நம் நாட்டுச் சுகாதார அமைச்சின் 15555 எண்ணிலும் பேசலாம். தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவதும் உண்டு. எங்கள் வயதில் அதைக் கேட்க வெட்கம், ஆனால் இளம் ஜோடிகள் கேட்டே ஆக வேண்டும்.

அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் மருந்து கிடைக்கிறது. அந்த நன்றி எனக்கு உண்டு. பிளாஸ்டிக் பையில் மலாயில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், தினம் எத்தனை, எத்தனை வேளை என்று. எப்படி விடுவது என்று அதில் இல்லை. தமிழில் நாலு வரி அச்சடித்துக் கையில் கொடுக்கக் கூடாதா? உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு மருந்தாளுநரை எழுதச் சொன்னாலும் போதும், நான் வெட்டி எங்கள் தாமான் கோயில் பலகையில் ஒட்டிவிடுகிறேன்.

என் மனைவி இப்போது இரண்டரை மில்லிகிராமில் நிற்கிறாள். மாத்திரை வெட்டும் சிறு டப்பாவில் அவளே கால் பங்காக வெட்டி, குதிரைக் காலண்டரில் அந்தத் தேதியைச் சுழிக்கிறாள். போன வாரம் லேசாகத் தலைசுற்றியது; டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் அதே அளவில் நிற்கச் சொல்லிவிட்டார். “தைப்பூசத்துக்குள்ள முடிஞ்சிரும்னீங்களே?” என்று இவள் விடவில்லை. “எந்தத் தைப்பூசம்னு நான் சொல்லலியே அம்மா” என்றார்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்