மூடி போட மறக்காதே

கண்ணம்மா,

நேற்று போனில் "அப்பா, புதினா டீ போட்டேன், கீரை வேகவைத்த தண்ணி மாதிரி இருக்கு" என்று சொன்னாய் இல்லையா, அதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். போனில் சொன்னால் பாதி உன் காதில் ஏறாது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும், நானும் முதலில் அதையேதான் செய்தேன். தேயிலைக்குச் செய்வது போல இலையைப் பாத்திரத்தில் போட்டு, பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்க விட்டேன். வீடு முழுக்க மணம், ஆஹா என்று கப்பில் ஊற்றிக் குடித்தால் லேசான கசப்பைத் தவிர ஒன்றுமே இல்லை. வீட்டில் அடித்த அந்த மணம் கப்பில் இருந்திருக்க வேண்டியது என்று புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

ஒரு இலையைக் கிள்ளித் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார். அடிப்பக்கத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் மின்னும், லென்ஸ் இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். புதினாவின் மணமெல்லாம் அந்தக் குட்டி எண்ணெய்ப் பைகளில்தான் இருக்கிறது. புதினா எண்ணெய் எடுப்பவர்கள் இலைக்குள் நீராவியைச் செலுத்தி, அது எண்ணெயோடு வெளியே வரும்போது குளிரவைத்துப் பிடிப்பார்கள். நாம் திறந்த பாத்திரத்தில் கொதிக்க விட்டால் நடப்பதும் பாதி அதுதான், ஆனால் ஆவியைப் பிடிக்காமல் ஜன்னல் வழியாக அனுப்பிவிடுகிறோம்.

சரி, இப்படிச் செய். 10, 12 இலைகளை நன்றாகக் கழுவு, மண் ஒட்டியிருக்கும், இரண்டு தண்ணீரில் அலசு. கப்பில் போடுவதற்கு முன் உள்ளங்கையில் வைத்து ஒரே ஒரு தட்டு தட்டு, மணம் எழும்பும், அது போதும். கசக்கிப் பிழிந்தால் பச்சை வாடையும் சேர்ந்து வரும். 200 மில்லி தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்த பிறகு இலைமேல் ஊற்றி, உடனே ஒரு தட்டால் மூடு. 5 நிமிஷம், உனக்குக் கொஞ்சம் அழுத்தமாக வேண்டுமென்றால் 7. அதற்கு மேல் விட்டால் கசப்புதான் கூடும். காய்ந்த இலை என்றால் ஒரு டீஸ்பூன் போதும். பால் வேண்டாம், தேன் உன் இஷ்டம்.

ராத்திரி 10 மணிக்கு மேலும் காபி குடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்கிறாயே, எனக்கு அதுதான் கவலை. புதினா டீயில் காஃபீன் கிடையாது, அந்த நேரத்துக் காபிக்குப் பதில் இதைக் குடித்தாலே பெரிய விஷயம். சாப்பிட்டபின் வயிறு உப்பலாக இருந்தால் எனக்கு இது இதமாக இருக்கும். ஆனால் யாராவது புதினா குடல் நோயைக் குணமாக்கும் என்று சொன்னால் நம்பிவிடாதே. குடல் கோளாறுக்குப் பலன் தருவதாகச் சோதித்துப் பார்த்தது பெப்பர்மின்ட் என்கிற வேறு வகைப் புதினாவின் செறிவான எண்ணெயை, அதுவும் வயிற்றைத் தாண்டிக் குடலில் கரையும்படி செய்த மாத்திரைகளை. பெப்பர்மின்டுக்கு அந்தக் குளிர்ச்சியைத் தருவது மெந்தால் என்கிற பொருள். நாம் சமையலில் போடும் புதினாவில் அது மிகக் குறைவு, இதன் மணத்துக்குக் காரணம் கார்வோன் என்கிற வேறொரு பொருள். அதனால் இதை மருந்தாக நினைக்காதே, நாள்தோறும் ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீர் மணத்தோடு உள்ளே போகிறது, அதற்காகவே குடி.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனமாக இரு. உனக்கு நெஞ்செரிச்சல் வரும் நாளில் குடிக்காதே. இரைப்பையின் மேல்வாயைப் புதினா தளர்த்திவிடலாம், அப்போது அமிலம் இன்னும் எளிதாக மேலே ஏறும். அப்புறம், டாக்டர் உனக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார் இல்லையா, அதை இந்த டீயோடு சேர்த்து விழுங்காதே, சாப்பாட்டோடும் டீயைக் குடிக்காதே. இதிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும். ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடு. இது சின்ன விஷயம் என்று நினைக்காதே, உன் உடம்பில் ரத்தம் ஊற எவ்வளவு நாள் ஆனது என்று எனக்குத் தெரியும்.

கட்டாக வாங்கி வந்தால் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் திணித்துக் கறுக்க விடாதே. நல்ல தண்டாக நாலைந்து எடுத்து, கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டுக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்தி வை. இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்று. ஒன்றிரண்டு வாரத்தில் கணுவிலிருந்து வெள்ளை நூல் போல வேர் விடும், அதைப் பார்க்கிற சந்தோஷமே தனி. அப்புறம் தொட்டியில் நடு, தனித் தொட்டியில். வேறு செடியோடு வைத்தால் மண்ணுக்குள்ளேயே ஓடி எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும். நுனியைக் கிள்ளினால் அந்த இடத்தில் இரண்டு கிளை வரும், அதனால் பறிக்கப் பயப்படாதே.

இன்று ராத்திரி போட்டுப் பார். மூடியைத் தூக்கும்போது அதன் அடியில் துளித்துளியாகத் தண்ணீர் நிற்கும், அதைச் சிங்கில் கொட்டிவிடாதே, மணம் அதிலும் இருக்கிறது, கப்பிலேயே உதறிவிட்டுக் குடி. எப்படி இருந்தது என்று காலையில் போன் பண்ணு.

அப்பா