ஆண் செடியும் வேண்டும்

அன்புள்ள ராமு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல்.

தோட்டத்தில் என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டிருந்தாய். தக்காளி, மிளகாய், அப்புறம் வேலியோரம் கஞ்சா. பதறாதே. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் இது சட்டப்படி சரி. ஒன்டாரியோவில் ஒரு வீட்டுக்கு 4 செடி வரை வளர்க்கலாம். பக்கத்திலிருக்கும் கியூபெக்கில் வீட்டில் வளர்க்கத் தடை. 2023இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடையை ஏற்றுக்கொண்டது. நம் ஊரில் 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டம் இருக்கிறது, அதனால் விதை அனுப்பு என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்காதே.

நான் போட்டிருப்பது புளூபெர்ரி என்கிற கஞ்சா ரகத்தின் வழியில் வந்த ஒரு கலப்பு. டி.ஜே. ஷார்ட் என்பவர் தாய்லாந்து ரகங்களையும் ஆப்கானிஸ்தான் ரகத்தையும் கலந்து உருவாக்கியது புளூபெர்ரி. எல்லோருக்கும் வேண்டியது விதையில்லாத பெண் பூ என்பதால், கடைகளில் இப்போது அதிகம் கிடைப்பது பெண் செடி மட்டுமே தரும் விதை. ஒரு பெண் செடிக்கு வெள்ளி கலந்த கரைசலைத் தெளித்தால் அது மகரந்தம் விடும். அதை இன்னொரு பெண் பூவில் சேர்த்து அந்த விதையை எடுக்கிறார்கள். நான் வாங்கியது ரெகுலர் விதை. ஏறக்குறைய பாதி ஆணாகத்தான் வரும். 4 செடிக்குமேல் கூடாது என்கிற இடத்தில் இது நஷ்டக் கணக்குதான். பூ மட்டும் போதும் என்பவன் இதைத் தொடவே கூடாது. எனக்கோ ஆணும் பெண்ணும் சேர்ந்த விதை வேண்டும், அடுத்த தலைமுறை எப்படி வருகிறதென்று பார்க்க வேண்டும்.

நீ பப்பாளியில் பூ வந்தபின் ஆணைக் கழித்துவிட்டு, 20 பெண்ணுக்கு ஒரு ஆண் என்று விடுவாயே, இங்கே கிட்டத்தட்ட அதே வேலை. ஒன்றரை மாதம் போனால் கணுவில் தெரிந்துவிடும். பெண் என்றால் மயிர்போல இரண்டு வெள்ளை இழை நீட்டும். ஆண் என்றால் சின்னக் காம்பில் உருண்டையாக ஒரு மொட்டு. லென்ஸ் வைத்துத்தான் பார்க்கிறேன். ஆனால் பப்பாளிக்கு ஆண் நின்றால் காய். இதற்கு ஆண் நின்றால் எல்லாப் பூவும் விதையாகப் போய்விடும். காற்றிலேயே பரவுகிற மகரந்தம். அதனால் நல்ல ஆண் ஒன்றை மட்டும் தள்ளி வைத்து, மகரந்தத்தைத் தூரிகையில் தொட்டு, பெண் செடியின் ஒரே ஒரு கீழ்க்கிளையில் தடவி, அந்தக் கிளையில் சிவப்பு நூல் கட்டுகிறேன்.

எந்த ஆண் நல்லது என்று எப்படித் தெரியும்? தண்டைத் தேய்த்து முகர்ந்து பார்ப்பதுதான் வழி. ஒரே பாக்கெட் விதைதான், ஒன்றில் பெர்ரி ஜாம் வாசனை, கூடப் பிறந்ததில் ஈரமண். மாம்பழத்தில் இருக்கிற மிர்சீன் என்கிற வாசனைப் பொருள் இதிலும் உண்டு, ஆரஞ்சுத் தோலின் லிமோனீனும் உண்டு. ஆனால் பழவாசனை இவற்றால் மட்டும் வருவதில்லை. துளியளவே இருக்கும் கந்தகச் சேர்மங்களுக்கும் அதில் பெரிய பங்கு என்று இப்போது ஆராய்ந்து சொல்கிறார்கள். எனக்கு இதில் அலுக்கவே அலுக்காத விஷயம் இந்த வாசனைதான்.

செப்டம்பர் மழைதான் கவலை. பூ இறுகினால் உள்ளே சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும். தினமும் காலையில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

உன் பப்பாளியில் இந்த முறை ஆண் எத்தனை விட்டாய்? பெரியவளுக்கு வேலை அமைந்ததும் எழுது.

அன்புடன்,
முரளி