மூத்தோருக்குக் கணினி சொல்லித்தரும் தொண்டூழியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தொண்டூழியர்களே,

வணக்கம். ஓய்வு நாளை விட்டுக்கொடுத்து, மவுஸைப் பிடிக்கவே கை நடுங்குகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லித்தருகிறீர்கள். என் அப்பா 73 வயதில் மின்னஞ்சல் அனுப்பக் கற்றுக்கொண்டது அப்படியொரு வகுப்பில்தான். அந்த நன்றியோடு ஒன்று கேட்கிறேன். எந்தக் கோப்பை எந்தச் செயலி திறக்கிறது, அதை நாமே எப்படி மாற்றிக்கொள்வது என்பதையும் உங்கள் பாடத்தில் சேருங்கள்.

போன மாதம் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு, சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் இருக்கும் தன் வீட்டிலிருந்து அப்பா அழைத்தார். குரலே சரியில்லை. "ஏம்மா, என் சேமநிதிக் கணக்கு இன்டர்நெட்ல போயிடுச்சு. எல்லாரும் பாத்துடுவாங்களா?" உடனே கிளம்பிப் போனேன். கணினியில் சேமித்து வைத்திருந்த பிடிஎஃப் அறிக்கையை அவர் இரண்டு முறை தட்டித் திறந்திருக்கிறார், அது இணைய உலாவியில் திறந்திருக்கிறது. செய்தி படிக்கும் அதே சன்னல், மேலே அதே முகவரிப் பட்டை. நடுவில் அவருடைய சேமிப்புத் தொகை. பயப்படாமல் என்ன செய்வார்?

முகவரிப் பட்டையில் 'ஃபைல்' என்றும், அதையடுத்து 'சி' என்றும் இருப்பதைக் காட்டினேன். "அப்பா, இது உங்க கணினிக்குள்ளேயே இருக்கிற கோப்பு. வெளியே எங்கேயும் போகலை." அப்புறம்தான் மூச்சு விட்டார்.

புது விண்டோஸ் கணினியில் வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் பிடிஎஃப் உலாவியில்தான் திறக்கும். இது கோளாறு இல்லை. ஆனால் யாராவது முன்பே சொல்லியிருந்தால் அப்பாவுக்கு அந்த இரவு நிம்மதியாகக் கழிந்திருக்கும். கோப்பின் மேல் ரைட் கிளிக், 'ஓப்பன் வித்', பிறகு 'சூஸ் அனதர் ஆப்'. வேண்டிய செயலியைத் தொட்டு, விண்டோஸ் 11 என்றால் 'ஆல்வேஸ்' பொத்தானை அழுத்த வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் 'ஜஸ்ட் ஒன்ஸ்' அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்காகவே பத்து நிமிடம் ஒதுக்கலாம். அப்பாவை மூன்று முறை செய்யச் சொன்னேன். மூன்றாவது முறை என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. மேக் வைத்திருப்பவர்களுக்கு 'கெட் இன்ஃபோ'வில் 'ஓப்பன் வித்', 'சேஞ்ச் ஆல்' என்று வழி இருக்கிறது.

இதோடு இன்னொன்றையும் சொல்லித்தர வேண்டும். கோப்புப் பெயரின் கடைசியில், புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளை வைத்துத்தான் எந்தச் செயலி என்று விண்டோஸ் முடிவு செய்கிறது. அந்த எழுத்துகளையோ அது வழக்கமாக மறைத்தே வைக்கிறது. 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்று ஒரு கோப்பு வந்தால் திரையில் 'பில்.பிடிஎஃப்' மட்டும் தெரியும். பார்க்க ரசீது, தட்டினால் ஓடுவது ஒரு நிரல். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலியை நிறுவும் ஏபிகே கோப்பை இறக்கச் சொல்லிக் கைப்பேசி வழியாகப் பணம் பறித்த மோசடிகளைப் பற்றி 2023இல் நம் காவல்துறை எச்சரித்தது. கடைசி எழுத்துகளைப் பார்த்துவிட்டுத் தட்டும் பழக்கம் கணினியில் வந்துவிட்டால், கைப்பேசியிலும் கை சற்றுத் தயங்கும். விண்டோஸ் 11இல் கோப்புறைச் சன்னலின் 'வியூ', 'ஷோ', 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று போனால் அந்த எழுத்துகள் தெரிய ஆரம்பிக்கும்.

தெரிய ஆரம்பித்ததும் ஒரு ஆசை வரும், கவனம். விண்ணப்பத்துக்கு பிடிஎஃப் கேட்கிறார்களே என்று அப்பா ஒரு வேர்ட் கோப்பின் கடைசி எழுத்துகளை அழித்து 'பிடிஎஃப்' என்று போட்டுவிட்டார். அது திறக்கவே இல்லை. சட்டையை மாற்றினால் ஆள் மாறிவிடுவாரா? பிடிஎஃப் வேண்டுமென்றால் பிரின்ட் கொடுத்து, அங்கே 'மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கையேடு பற்றி ஒரு வார்த்தை. விளக்கம் தமிழில் இருக்கட்டும், ஆனால் பொத்தான்களின் பெயரை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். 'டிஃபால்ட் ஆப்' என்பதை 'இயல்புநிலைச் செயலி' என்று அச்சடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும் திரையில் அதைத் தேடிக்கொண்டிருந்தார் அப்பா. திரையில் எப்படித் தெரிகிறதோ அப்படியே படம் பிடித்துப் போடுங்கள்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. எங்கள் புளோக்கில் எனக்குத் தெரிந்த மூன்று வீடுகளில் பெரியவர்களுக்குப் புதுக் கணினி வாங்கியிருக்கிறார்கள். பழைய கணினியில் பிள்ளைகள் செய்துவைத்த ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. அதனால் இந்தப் பாடத்தை அடுத்த தவணைக்குத் தள்ளிவைக்காதீர்கள்.

ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும், நானும் வந்து உதவுகிறேன். அப்பாவும் வருகிறேன் என்கிறார். 'ஓப்பன் வித்' பகுதியை அவரே நடத்துவாராம்.

அன்புடன்,
உங்கள் மாணவர் ஒருவரின் மகள்