குட்டியை விட்டுவிட்டுத் தாயைச் சுடுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மான் வேட்டைக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். குட்டியோடு திரியும் பெண்மானைச் சுடுகிறவனை மனிதனாகவே எண்ண முடியாது என்கிற தொனியில் கட்டுரையாளர் முடித்திருந்தார். நான் ஸ்காட்லாந்தில் இன்வர்னஸ் பக்கம் 14 வருடமாக இருக்கிறேன். துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் என் பக்கத்து வீட்டுக்காரர் மலை எஸ்டேட் ஒன்றில் மான் சுடுவதையே உத்தியோகமாகச் செய்து ஓய்வு பெற்றவர். இங்கே அவர்களை ஸ்டாக்கர் என்பார்கள். கட்டுரையைப் படித்த மறுநாள் காலையில் அவர் என் வாசல் பனியையும் சேர்த்து வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். அதனால்தான் இந்தக் கடிதம்.

கட்டுரையாளரின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இல்லை. வேடனிடம் சிக்கிய மான், குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்ச, நபிகள் அதற்குப் பிணை நிற்கும் சீறாப்புராணக் கதையைப் பள்ளியில் படித்தவர்கள் நாம். பிணைமானுக்கே பிணை! அந்தக் கதை மனதில் இருக்கிறவனுக்கு, பால் மடியோடு இருக்கும் மானைக் குறிபார்க்கிறார்கள் என்றாலே வயிற்றைப் பிசையும். எனக்கும் முதல் இரண்டு குளிர்காலம் அப்படித்தான் இருந்தது.

ஆனால் இந்த மலைகளின் நிலைமை வேறு. ஓநாய் இங்கே அற்றுப்போய் சுமார் 300 வருடம் ஆகிறது. லிங்க்ஸ் பூனை அதற்கும் முன்பே போய்விட்டது. ஸ்காட்லாந்தில் எல்லா வகை மான்களும் சேர்ந்து 10 லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பிர்ச், ரோவன், பைன் என்று எந்த மரக்கன்று முளைத்துத் தலை தூக்கினாலும் மான்கள் மேய்ந்துவிடுகின்றன. வேலி போட்ட இடத்துக்குள் காடும், வேலிக்கு வெளியே வெறும் புல்லும் புதருமாக இருப்பதை நெடுஞ்சாலையில் போகும்போதே பார்க்கலாம். மான்கள் மிகுந்த இடத்தில், பனி கடுமையான வருடங்களில், பட்டினியால் சாகிறவையும் உண்டு.

அப்படியானால் ஆண்மானை மட்டும் சுட்டால் என்ன என்று கேட்கலாம். ஆடு மாடு வளர்த்த வீட்டில் பிறந்த யாரும் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். ஒரு கிடா போதும் மந்தைக்கு. கொம்புள்ள ஆண்மானைச் சுட வெளியூர்ப் பணக்காரர்கள் கட்டணம் கட்டிக்கொண்டு வருவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். எண்ணிக்கை அப்படியே இருக்கும். இந்த மலைகளில் திரியும் சிவப்பு மான் இனத்தில் பெண்மானைச் சுடும் பருவம் அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை. ஆலங்கட்டியும் சேறுமான அந்த மாதங்களில் மலை ஏறுவது பெரும்பாலும் எஸ்டேட் ஆட்கள்தான். படம் எடுக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

அந்தத் தேதிகளில்தான் விஷயமே இருக்கிறது. சிவப்பு மான் மே கடைசியிலும் ஜூனிலும் குட்டி போடும். செப்டம்பர், அக்டோபரில் மறுபடி இணை சேரும். ஆக, ஜனவரியில் சுடப்படும் தாய்க்குப் பெரும்பாலும் காலடியில் ஒன்று, வயிற்றில் ஒன்று. காலடியில் நிற்பதற்கு அப்போது ஏழு மாதம். அது புல் மேயும்தான். ஆனால் எந்தச் சரிவில் காற்றடிக்காது, பனி மூடினால் எங்கே மேயலாம் என்பதையெல்லாம் தாயின் பின்னால் நடந்துதான் அது தெரிந்துகொள்கிறது. குளிர்காலத்திலும் இடையிடையே பால் குடிக்கும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய ரம் தீவில் சிவப்பு மான்களைத் தனித்தனியாக அடையாளம் கண்டு பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவருகிறார்கள். பால் மறக்கும் முன் தாயை இழந்த குட்டிகள் ஆணானாலும் பெண்ணானாலும் அதிகம் சாகின்றன, ஆண்குட்டிக்குப் பால் மறந்த பிறகும் அந்த ஆபத்து தொடர்கிறது என்று அங்கே கண்டிருக்கிறார்கள்.

எனவே தாயைச் சுடுவதா வேண்டாமா என்ற கேள்வியில் நான் கட்டுரையாளரோடு சேரவில்லை. குட்டியை அநாதையாக விடுவதுதான் குற்றம். பக்கத்து வீட்டுக்காரரும் அவர் கூட்டாளிகளும் பருவத்தின் தொடக்கத்தில் அந்த வருடம் குட்டி இல்லாத பெண்மான்களைத்தான் தேடுவார்களாம். அதற்கு யெல்டு என்று பெயர். குட்டியோடு இருப்பதைச் சுட்டே ஆகவேண்டும் என்றால் முதல் குண்டு குட்டிக்கு, அடுத்தது தாய்க்கு. இதை அவர் முதல் தடவை சொன்னபோது டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். குட்டியை முதலில் சுடுவதா! அவர் அவசரப்படாமல் சொன்னார்: தாயை முதலில் சுட்டால் குட்டி கூட்டத்தோடு ஓடிவிடும், பிறகு எது அதன் குட்டி என்று யாருக்கும் தெரியாது; குட்டியைச் சுட்டால் தாய் அங்கேயே தயங்கி நிற்கும். அந்தத் தயக்கத்தைப் பயன்படுத்திக்கொள்வது எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் இதைவிட நல்ல வழி ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை. கட்டுரையாளரும் சொல்லவில்லை.

சட்டமும் இந்தக் கணக்கை அறியாததல்ல. ஸ்காட்லாந்தில் மான்களைச் சுடக்கூடாத காலம் 1959 சட்டத்தில் வந்தது. 2023 அக்டோபரில் ஆண்மான்களுக்கு அதை எடுத்துவிட்டார்கள், பெண்மான்களுக்கு வைத்திருக்கிறார்கள். பாலை நம்பி ஒரு உயிர் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். நம் நாட்டில், உரிமம் வாங்கி வேட்டையாட இடமிருந்த காலத்தில்கூட, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனி அனுமதி இல்லாமல் பெண் விலங்கையும் குட்டியையும் வேட்டையாடக்கூடாது என்றது. 1991 திருத்தத்தோடு உரிம வேட்டையே போய்விட்டது. அதனால் நம் ஊர் அளவுகோலை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. அங்கே புலியும் செந்நாயும் செய்கிற வேலையை இங்கே செய்ய மனிதனைத் தவிர வேறு யாரும் மிச்சமில்லை.

சரி, எனக்கு எதிர்ப்பே இல்லையா? உண்டு. பயிரையும் வேலியிட்ட காட்டையும் காப்பாற்ற, சுடக்கூடாத காலத்திலும் பெண்மானைச் சுட அனுமதி கொடுக்கிறார்கள். செப்டம்பரில் தாயைச் சுட்டால் குட்டிக்கு வயது மூன்று மாதம். அடர்ந்த காட்டுக்குள் குட்டி தாயின் பக்கத்திலேயே நிற்கும் என்பதற்கு என்ன நிச்சயம்? எங்கோ புதரில் படுத்திருக்கும். துப்பாக்கிக்காரர் கண்ணுக்குத் தனி மானாகத் தெரியும். எண்ணிக்கையைக் குறைக்கவேண்டிய அவசரம் எனக்குப் புரிகிறது. அந்த அவசரத்துக்காகத் தேதியை முன்னால் தள்ளுவதைவிட, குளிர்காலத்தில் மலைக்கு இன்னும் நாலு ஆளை அனுப்பலாம். அதற்குச் சம்பளம் ஆகும், அப்புறம் யார் கொடுப்பது என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சைப் பேசட்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் தன் வேலை நாட்களைப் பற்றிச் சொன்னதில் ஒன்று. சுட்ட மான்களைக் கொட்டகையில் தொங்கவிட்டதும் முதலில் மடியை அழுத்திப் பார்ப்பாராம். பால் வந்து, கூடவே குட்டி தொங்கவில்லை என்றால், மறுநாள் விடியும் முன்பே அதே சரிவுக்குப் போய்க் காத்திருப்பாராம். சில நாள் குட்டி அங்கேயே நின்றுகொண்டிருக்குமாம். கிடைக்காத நாட்களைப் பற்றிக் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
இன்வர்னஸ், ஸ்காட்லாந்து.