சேரின் விலைக் கொப்பிகள்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள மகனுக்கு,

பல்கலைக்கழகத்தில் எனக்குப் பொருளியல் படிப்பித்த சேரின் முப்பத்தோராம் நாள் கிரியைகள் நேற்று முடிந்தன. நினைவு மலர் ஒன்றை உனக்குத் தபாலில் போட்டிருக்கிறேன். நான் எழுதிக் கொடுத்தது அதில் பாதியாகக் குறைந்திருக்கிறது. நான் எழுதாத "சாந்தமான சுபாவம் கொண்டவர்" என்ற வரி எங்கிருந்தோ வந்து சேர்ந்திருக்கிறது. சாந்தமாம்! இரண்டு நிமிடம் பிந்தி வந்த ஒருவனை வாசலிலேயே நிறுத்தி, அறுபது பேருடைய இரண்டு நிமிடத்தின் அமையச் செலவு, அதாவது அந்த நேரத்தில் செய்திருக்கக்கூடிய வேறு வேலையின் பெறுமதி, எவ்வளவென்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டு உள்ளே வா என்ற மனிதர் அவர். தேவாரத்துக்கும் வம்சாவளிக்கும் நடுவில் நீ அவரைக் கண்டுபிடிக்க மாட்டாய் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் கொழும்புப் பல்கலைக்கழகத்துக்கு வந்தது 1978இல். அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில்தான் புதிய அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்டது. 9 ரூபாவுக்கும் குறைவாக இருந்த டொலர் ஏறக்குறைய 16 ரூபாவாகியது. பாணுக்கும் துணிக்கும் வரிசையில் நின்று வளர்ந்த கொழும்புப் பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலை. விரிவுரையில் ஒருவர் பின் ஒருவராக எழுந்து புகழ்ந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. உன் அம்மப்பா மிளகாய்க் காசில் கல்வீடு கட்டியவர். 70களின் முற்பாதியில் வெளியிலிருந்து செத்தல் மிளகாயும் வெங்காயமும் வராமல் தடுத்ததால்தான் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் நாலு காசு கண்டார்கள். குரல் நடுங்க அதைச் சொன்னேன். சேர் கேட்டார்: "உம்மிடம் கோபம் இருக்கிறது. விலை இருக்கிறதா?"

அம்மப்பாவுக்குக் கடிதம் போட்டேன். அவர் சுன்னாகம் சந்தைக்குப் போகும் நாட்களிலெல்லாம் செத்தல் மிளகாய் விலையைத் தபாலட்டையில் எழுதி அனுப்பத் தொடங்கினார். நாலைந்து அட்டைகள் சேர்ந்ததும் சேர் அவற்றை வகுப்பில் வாசித்தார். விலை இறங்கிக்கொண்டே போனது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உடனே என் பக்கம் திரும்பினார். முன்பு இந்த மிளகாயைக் கூடிய விலை கொடுத்து வாங்கியது யார், கொழும்பு தெமட்டகொடையில் நாட்கூலி வாங்குபவனின் பெண்சாதியும்தானே என்றார். பின்வாங்கில் சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்களை எழுப்பி, துறைமுகத்தில் வந்து இறங்கும் இந்த மலிவுக்கு டொலர் எங்கிருந்து வரப்போகிறது என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு அவர்மீது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் அடுத்த அட்டை வந்ததும் அவருடைய அறைக்குத்தான் ஓடினேன். பிறகு நாற்பது வருடத்துக்கு மேலாக நாங்கள் சண்டை பிடித்தோம். நட்பு என்று மலரில் அச்சடித்திருப்பது அதைத்தான்.

அவர் விலைகளை எழுதிவந்த தடித்த அட்டைச் சீ.ஆர். கொப்பிகள் உனக்கு ஞாபகம் இருக்கும். ஞாயிறு காலையில் வெள்ளவத்தைச் சந்தையில் நீ விலை கேட்டுச் சொல்ல, அவர் நின்றபடியே எழுதுவார். கூலியாக உனக்கு ஒரு வடை. தனியே வாழும் ஒருவரின் பொழுதுபோக்கு என்றுதான் நீ எண்ணியிருப்பாய். அதற்குப் பின்னால் ஒரு பழைய வழக்கு இருந்தது. அரசாங்கத்தின் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 1952ஆம் ஆண்டு விலைகளை 100 ஆக வைத்துக் கணிக்கப்பட்டது. அதன் கூடை, அதாவது ஒரு குடும்பம் எந்தப் பொருளை எவ்வளவு வாங்குகிறது என்ற பட்டியல், 1949-50இல் கொழும்புத் தொழிலாளர் குடும்பங்களின் செலவைக் கேட்டு எடுத்தது. புதிய கூடையோடு புதிய சுட்டெண் வந்தது 2007இல்தான். அதற்குள் சனம் உண்பது, உடுப்பது, பயணம் செய்வது எல்லாமே மாறிவிட்டன. அதைவிடப் பெரிய குறை ஒன்று: 70களில் பல பொருட்களுக்குக் கட்டுப்பாட்டு விலையையே அது பதிந்தது. அந்த விலைக்குச் சாமான் கிடைத்தால் அல்லவா அது விலை! வீட்டுக்காரி கறுப்புச் சந்தையில் இரட்டிப்பாகக் கொடுத்துக்கொண்டிருக்க, சுட்டெண் ஆடாமல் அசையாமல் நின்றது. "புள்ளிவிபரத்தில் பொய் இல்லை. சாமான் இல்லாத கடையில் போய் விலை கேட்டிருக்கிறார்கள்" என்பார் சேர். அதனால்தான் தானே கொப்பியைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனார்.

1983 ஜூலைக்கு முந்தைய கொப்பிகள் வீட்டோடு எரிந்தன. அதைப் பற்றி அவர் என்னோடு கதைத்ததில்லை. அடுத்த கொப்பி அந்த ஆண்டு செப்டம்பரில் பாண் விலையோடு தொடங்குகிறது.

உன் அப்பா காலமானபோது சேருக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. செத்த வீட்டில் ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியப் படிவங்களுடன் வந்து, என்னைப் பக்கத்தில் இருத்தி ஒவ்வொன்றாக நிரப்பினார். மற்றவர்கள் கொண்டுவந்த பழங்களை இன்று நினைவில்லை.

2021 கடைசியில் நீ வங்கி மூலம் அனுப்பிய காசுக்காக நான் அவரோடு பிடித்த சண்டையை உனக்குச் சொன்னேனோ தெரியாது. மத்திய வங்கி டொலரை 200 ரூபாவை ஒட்டிப் பிடித்து வைத்திருந்தது. வங்கிக்கு வெளியே பணம் மாற்றிக் கொடுக்கும் உண்டியல்காரர் அதைவிட எவ்வளவோ கூடுதலாகக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு வெளிநாட்டிலிருந்து வங்கிவழி வந்த பணம் அதற்கு முந்தைய ஆண்டின் சுமார் 710 கோடி டொலரிலிருந்து சுமார் 550 கோடியாக விழுந்தது. என் மகனாவது நாட்டுக்கு நேர்மையாக அனுப்புகிறான் என்று நான் பெருமை பேசினேன். சேருக்கு மூக்குமேல் கோபம் வந்தது. "மற்றப் பிள்ளைகளின் தேசபக்தியை அளக்காதையும். வீதத்தைப் பிடித்து வைத்திருப்பவனைக் கேளும்" என்றார். 2022 மார்ச்சில் பிடியை விட்டார்கள். மே மாதத்துக்குள் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. "நான் சொன்னேனே" என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மண்ணெண்ணெய் வரிசையில் நின்றவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்ல அவருக்கு மனம் வந்திராது.

அந்த செப்டம்பரில் கொழும்புச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். அவருடைய கொப்பிக் கணக்கில் அதைவிடக் கூடுதல். இவ்வளவு காலம் காத்திருந்த வெற்றி கைக்கு வந்துவிட்டதென்று நான் நினைத்தேன். அவரோ ஒரு கிழமை கொப்பிகளைப் புரட்டிவிட்டு வந்து, தன் கூடையில்தான் பிழை என்றார். அது யாழ்ப்பாணத்துப் பிரமச்சாரி ஒருவனின் கூடை. செத்தல் மிளகாயும் தேயிலையும் அளவுக்கு மிஞ்சி இருக்கின்றன, வாடகையும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் அறவே இல்லை, இதை வைத்து ஒரு நாட்டைப் பற்றிப் பேச முடியாது என்றார். பிறகு பிளேன்டீ கேட்டார். அரசாங்கத்தின் எண்ணைச் சந்தேகிப்பவர்கள் இந்த ஊரில் ஆயிரம் பேர். தன் கொப்பியையும் அதே கண்ணால் பார்த்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். இதை மலருக்கு எழுதியிருந்தேன். வெட்டப்பட்டது இந்தப் பகுதிதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய சகோதரியின் மகன் வீட்டைக் காலி செய்கிறார். கொப்பிகளைப் பழைய பேப்பர்காரனிடம் போடுமுன் என்னைக் கேட்டார். அந்த மட்டில் நல்ல பிள்ளை. எல்லாம் இப்போது உன் அறைக் கட்டிலில் இருக்கின்றன. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து ஒழுங்குபடுத்தினால் யாராவது மாணவருக்குப் பயன்படும். செ.மி. என்றால் செத்தல் மிளகாய், சி.வெ. என்றால் சின்ன வெங்காயம் என்பது வரை எனக்கு விளங்குகிறது. ஆனால் நீ அவரோடு போன வருடங்களில் சில விலைகளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருக்கிறார். அது கடைக்காரர் முதலில் சொன்ன விலையா, நீ பேரம் பேசிக் குறைத்த விலையா? இது தெரியாமல் அந்த வருடங்களை மற்ற வருடங்களோடு சேர்க்க முடியாது. யோசித்துப் பார்த்து எழுது. தொலைபேசியில் வேண்டாம்; கொப்பியோடு சேர்த்து வைக்க எனக்கு எழுத்தில் வேண்டும்.

அன்புடன்,
அம்மா