அம்மாவின் எண்ணெய்க் கரண்டி

அன்புள்ள சேகர்,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இன்னும் கொஞ்சம் குண்டாக. எட்டு மாதம் எழுதாததற்கான திட்டுகளை நேரில் வைத்துக்கொள்.

என் தம்பி சின்னவனுக்குப் போன மாதம் மாரடைப்பு. வயது 44. பிழைத்துவிட்டான், ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சிகரெட்டைத் தொடாதவன், தினமும் ஓடுகிறவன், பொரித்ததைப் பார்த்தாலே முகம் சுளிப்பவன். நீயும் மொட்டையும் இருக்க, இவனுக்கா? கோபித்துக்கொள்ளாதே, ஐசியூ வாசலில் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

டாக்டர் அப்பாவைப் பற்றிக் கேட்டார். 49 வயதில், ஒரே அட்டாக்கில் போனார் என்றேன். உடனே லிப்போபுரோட்டீன் (ஏ) என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார், எனக்கும் சேர்த்து. கெட்ட கொலஸ்ட்ரால் துகளோடு இன்னொரு புரதமும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதற்கு இந்தப் பெயர். வழக்கமான கொலஸ்ட்ரால் டெஸ்டில் இது தனியாகத் தெரியாது. அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மரபணுதான். சாப்பாட்டை எப்படி மாற்றினாலும் பெரிதாக அசையாது. ஐந்தில் ஒருவருக்கு அதிகமாக இருக்கிறதாம். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் உஷாராக வேண்டும். அவனுக்கு 128, எனக்கு 119. சாப்பாட்டைப் பற்றி உனக்கு இருபது வருஷமாக நான் எடுத்த வகுப்பெல்லாம் நினைவுக்கு வந்தது. சரி, ஒருமுறை சிரித்துக்கொள்.

ஆனால் 'எல்லாம் பரம்பரை' என்று தட்டைக் கிட்டே இழுத்துக்கொள்ளாதே. 2016-இல் வந்த ஓர் ஆய்வைத் தேடிப் படித்தேன். மரபணுவால் ஆபத்து மிக அதிகமாக உள்ளவர்களிலும், புகைக்காமல், எடை கூடவிடாமல், உடம்பை அசைத்து, ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் வந்தது, அலட்சியமாக இருந்தவர்களைவிட ஏறக்குறைய பாதிதான். உனக்குக் கணக்கு வராது, அதனால் சொல்கிறேன்: பாதி என்பது பெரிய தள்ளுபடி.

என்னைத் தூங்கவிடாதது இதுவல்ல. அடுத்த வருஷம் எனக்கும் 49 என்பதுகூட அல்ல.

அப்பா போனது 1991-இல். இந்த லிப்போபுரோட்டீன் சனியனை நார்வேயில் கோரே பெர்க் என்ற ஆராய்ச்சியாளர் 1963-இலேயே கண்டுபிடித்துவிட்டார். அப்பாவுக்கு அதை யாரும் அளந்து பார்க்கவில்லை. நாங்கள் அவருடைய சிகரெட்டைக் குற்றம் சொன்னோம். அதற்கும் பங்கு உண்டு. அம்மா மட்டும் தன் சமையலைச் சொன்னாள். அன்றிலிருந்து எண்ணெயைச் சின்னக் கரண்டியில்தான் அளப்பாள், நீதான் பார்த்திருக்கிறாயே. நம் வீட்டில் சாப்பிட்டால் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது என்று நீ கேலி செய்தபோதும் அவள் சிரிக்கவில்லை.

இப்போது சின்னவன் படுத்ததும், எங்கே தவறவிட்டேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். முந்தாநாள் அந்தக் கரண்டியைக் காணோம். பார்த்தால், இன்னும் சின்னதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள்.

டாக்டர் என்னிடம் சொன்னது வேறு. அந்தச் சாப்பாடும் ஓட்டமும் இல்லாவிட்டால் இவனுக்கு இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார். இதை அம்மாவிடம் சொல்ல வேண்டும். ஆனால் அதோடு, வந்தது அப்பாவின் ரத்தத்திலிருந்து என்றும் சொல்ல வேண்டியிருக்கிறதே. இரண்டு தடவை வாயெடுத்தேன், முடியவில்லை. நான் சொன்னால் சமாதானப்படுத்துகிறேன் என்றுதான் நினைப்பாள். உன் பேச்சென்றால் நம்புவாள், ஏனென்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு வருகிறாயா? வரும் வழியில் உன் ரத்தத்தையும் கொடுத்துவிட்டு வா. வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதுமாம்.

அன்புடன்,
ரவி