விமான ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் சாருக்கும் வந்திருக்கிற உறுப்பினர்களுக்கும் வராதவங்களுக்கும் வணக்கம். வராதவங்கதான் ஜாஸ்திங்கிறதால அறிக்கைய டைப் பண்ணியே போட்டுடறேன், அப்புறம் எனக்கு எதுவுமே தெரியாதுன்னு யாரும் சொல்லக் கூடாது.

குடியரசு தினத்துக்கு கொடி ஏத்தினோம். ஆயுத பூஜைக்கு பொரிகடலை கொடுத்தோம். ஸ்கூல் பசங்களுக்கு க்ளைடர் மாடல் வகுப்பு நடந்துச்சு, பாதியில பசை தீர்ந்துபோச்சு, மத்தபடி ஓகே.

இந்த வருஷம் உருப்படியா நடந்ததுன்னா "இன்ஜின் நின்னா" வகுப்புதான், அதாவது பறக்கும்போது இன்ஜின் நின்னுபோனா என்ன பண்ணணும்னு. லைசென்ஸ் வெச்சிருக்கிற நாலு பேருக்காக இதெல்லாம் தேவையான்னு கமிட்டியிலயே முணுமுணுப்பு. அதுக்குத்தான் ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு தானே ஓட்டின விமானம் விழுந்த கேஸ எடுத்தேன். 2015 மார்ச் 5, கலிபோர்னியா, சான்டா மோனிகா ஏர்போர்ட். 1942ல செஞ்ச ரயன் பிடி-22, பழைய டிரெய்னர் விமானம். டேக் ஆஃப் ஆகி ஏறிக்கிட்டிருக்கும்போதே இன்ஜின் பவர் போயிடுச்சு. திரும்பி வந்து ரன்வே 3ல இறங்கறேன்னு டவர்ல சொன்னவர், எட்டாதுன்னு தெரிஞ்சதும் அத விட்டுட்டு பக்கத்துல பென்மார் கோல்ஃப் மைதானத்துல இறக்கினார். வழியில ஒரு மரத்தோட உச்சியில அடிச்சுச்சு. பலத்த காயம், ஆனா ஆள் பிழைச்சார், கீழ யாருக்கும் ஒண்ணும் ஆகல.

எல்லாரும் அந்த லேண்டிங்கத்தான் மெச்சுவாங்க. நான் காட்டினது விசாரணை அறிக்கையில இருக்கிற வேற ரெண்டு விஷயம். கார்புரேட்டர்ல (பெட்ரோலையும் காத்தையும் கலக்கிற பாகம்) பெட்ரோல அளந்து விடற மெயின் ஜெட் மறை கழண்டு வந்திருக்கு, அதனால பெட்ரோல் இல்லாம இன்ஜின் நிக்கல, அளவுக்கு மீறி வந்துதான் நின்னிருக்கு. அந்த கார்புரேட்டர பிரிச்சு மாட்டி சுமார் 17 வருஷம் ஆச்சு, இடையில அந்த ஜெட்ட பாக்கணும்னு மெயின்டனன்ஸ் புக்குல ஒரு வரி கூட இல்லையாம். இன்னொண்ணு தோள் பெல்ட். சீட்டோட முதுகுத் தகட்டுல வெறும் பெரிய வாஷர் போட்டு மாட்டியிருக்காங்க, முட்டு எதுவும் கிடையாது, மோதினப்ப தகடு தாங்கல. காயம் அதிகமானதுக்கு அதுவும் ஒரு காரணம்னு எழுதியிருக்காங்க. இப்ப சொல்லுங்க, இது பைலட்டுக்கு மட்டுமா, ஸ்பேனர் பிடிக்கிறவங்களுக்கு இல்லையா?

அடுத்த வகுப்புல, டேக் ஆஃப் ஆனதும் இன்ஜின் நின்னா ரன்வேக்கே திரும்பி வர முடியுமான்னு பாக்க, ஹால் தரையில சாக்பீஸால ரன்வே வரைஞ்சு எல்லாரையும் நடக்க விட்டேன். 180 டிகிரி திரும்பினா போதும்னு கிளம்பின மூத்த உறுப்பினர் ஒருத்தர் திரும்பி முடிக்கிறப்ப கேரம் போர்டு பக்கத்துல நின்னார், ரன்வே அந்தப் பக்கம் கிடந்துச்சு. அங்க போய் சேர இன்னும் திரும்பணும், ஒவ்வொரு திருப்பத்துலயும் உயரம் குறையும், சாய்வு கூட கூட ஸ்டால் வேகமும் (அதுக்குக் கீழ போனா இறக்கை விமானத்தத் தாங்காது) கூடும், 45 டிகிரி சாய்ச்சா கிட்டத்தட்ட 19 சதவீதம். அதனால உயரம் இல்லைன்னா முதல்ல மூக்க இறக்கு, க்ளைடு வேகத்தப் பிடி (இன்ஜின் இல்லாம ரொம்ப தூரம் மிதந்து போற வேகம், செஸ்னா 172என்ங்கிற சின்ன விமானத்துக்கு 65 நாட்), எதிர்ல தெரியிற இடத்துல இறக்கு. அவர் இன்னும் ஒத்துக்கல, அது அவர் இஷ்டம்.

ஆனா இதுக்கு வந்தவங்கள விட டீ கப்பு ஜாஸ்தி மிஞ்சிச்சு. கமிட்டி உறுப்பினர்களே வரல, பிறந்தநாள் கேக்குக்கு மட்டும் கரெக்டா வர்றாங்க. சந்தா விஷயம் சொல்லவே வேணாம், ரெண்டு வருஷ பாக்கி வெச்சிருக்கவங்கதான் ப்ரொஜெக்டர் மங்கலா தெரியுதுன்னு குறை சொல்றாங்க.

வரவு செலவு பெரிய பள்ளம் இல்லாம ஓடியிருக்கு, கொஞ்சம் கையிருப்பும் இருக்கு, விவரம் வேணும்னா பொருளாளர் கிட்ட நோட்டு இருக்கு, கேட்டா காட்டுவார். ஹால் கொடுத்த டிரஸ்ட்டுக்கும் டீ போட்ட அக்காவுக்கும் தலைவர் சாருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் வயல், ரோடு, கரண்ட் கம்பி இதையெல்லாம் மேல இருந்து பாத்து இடம் தேர்ந்தெடுக்கிற பயிற்சி சிமுலேட்டர்ல வைக்கணும்னு ஆசை. அதுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும், கம்ப்யூட்டருக்கு சந்தா வரணும். இந்தப் பொறுப்ப வேற யாராவது எடுத்துக்கிட்டாலும் எனக்கு சந்தோஷம்தான், பேர் கொடுங்க. பேர் கொடுக்கிறவங்க முதல்ல பழைய பாக்கிய கட்டிட்டு வாங்க.

இப்படிக்கு,
செயலாளர்